படிக்கும் கண்ணாடி தகராறு செய்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

“இந்தக் கண்ணாடி சரியில்லை” என்று யார் வந்து சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “புத்தகத்தை எவ்வளவு தூரத்தில் பிடிப்பீர்கள்?” பவர் என்னவென்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள். எந்தக் கண்ணுக்கு எவ்வளவு என்பதும் தெரியும். தூரம் மட்டும் தெரியாது. நான் பார்த்த புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு முடிச்சு அங்கேதான் இருந்தது. அதனால் கீழே போவதற்கு முன் ஓர் அளவு நாடாவைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமாகப் பிடிப்பதுபோல் புத்தகத்தைப் பிடித்து, கண்ணிலிருந்து தாள் வரை அளந்து எழுதி வையுங்கள். கணினி இருந்தால் கண்ணிலிருந்து திரை வரை இன்னோர் அளவு.

நாற்பதைத் தாண்டியதும் கிட்டத்து எழுத்து மங்குவதை வெள்ளெழுத்து என்கிறோம். சாளேசுவரம் என்றும் பழைய ஆட்கள் சொல்வார்கள். இந்தியில் நாற்பதைக் குறிக்கும் ‘சாலீஸ்’தான் அப்படி மருவியது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதோடு விறைத்துப்போகிறது. கிட்டத்தில் பார்க்க அது உப்பிக் கொடுக்க வேண்டும், விறைத்தது உப்புவதில்லை. அந்தக் குறையைத்தான் மூக்கின் மேல் இருக்கும் லென்ஸ் ஈடுசெய்கிறது.

பவர் என்பது உண்மையில் ஒரு தூரக் கணக்கு. 1-ஐப் பவரால் வகுத்தால் மீட்டரில் விடை வரும். +1.00 என்றால் 1 மீட்டர், +2.00 என்றால் 50 செ.மீ., +2.50 என்றால் 40 செ.மீ., +3.00 என்றால் 33 செ.மீ. எட்டத்துப் பார்வையில் குறையில்லாதவர் அந்தக் கண்ணாடியைப் போட்டால் இந்தத் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெளிவாகாது. கிட்டத்தில் எதுவரை தெளியும் என்பது கண்ணில் மிச்சமிருக்கும் திறனைப் பொறுத்தது. அதாவது தூர எல்லையை லென்ஸ் போடுகிறது, கிட்ட எல்லையை வயது போடுகிறது. இந்த ஒன்று பிடிபட்டால் பின்னால் வருவதில் பாதி தானே விளங்கிவிடும்.

கண்ணாடியைக் குறை சொல்வதற்கு முன்

சில அறிகுறிகளுக்குக் கண்ணாடியில் மருந்து இல்லை. திடீரென்று ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் மறைப்பது, மின்னல்போல் ஒளி வெட்டுவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதக்கத் தொடங்குவது: இவை விழித்திரை கிழிந்ததற்கோ பிரிவதற்கோ அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, குமட்டலும் வந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம், அதுவும் அப்படியே. இரட்டையாகத் தெரிவது திடீரென்று தொடங்கினாலும் காத்திருக்கக் கூடாது. அச்சிட்ட வரிகள் நெளிவதாகத் தெரிந்தாலோ ஒரு சொல்லின் நடு எழுத்து மட்டும் காணாமல்போனாலோ, ஒரு கண்ணை மூடி மற்றதால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் நெளிந்தால் அது லென்ஸின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. தாமதிக்காமல் விழித்திரையைக் காட்டுங்கள்.

மற்ற மங்கல்களுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. தடித்த அட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டு, நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி போட்டபடியே அந்தத் துளை வழியாக எழுத்தைப் பாருங்கள். தெளிந்தால் பெரும்பாலும் பவரையோ தூரத்தையோ சரிசெய்தால் போதும். துளை வழியாகவும் அதே மங்கல் என்றால் காரணம் பெரும்பாலும் கண்ணுக்குள் இருக்கிறது. கடையில் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது வீண்.

கையை நீட்டினால்தான் தெரிகிறது

பவர் போதவில்லை. கூடவே இன்னோர் அடையாளமும் இருக்கும்: கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் படிப்பீர்கள். வயதானவர்களின் மிடுக்கு என்று நினைத்துக்கொள்கிறோம்; அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ப்ளஸ் லென்ஸைக் கண்ணிலிருந்து விலக்கினால் அதன் விளைவு சற்றுக் கூடும். பவர் போதாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இழுக்கும் கை, யாரும் சொல்லித் தராமலே இதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

அதற்காக உடனே அடுத்த பவருக்குப் போய்விடாதீர்கள். அதே பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துப் படியுங்கள். அங்கே தெளிவாகத் தெரிந்தால் குறை விளக்கில் இருக்கிறது. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, உள் லென்ஸும் பழுப்பேறுகிறது. இளம் கண்ணுக்குப் போதுமான விளக்கு அறுபது வயதுக் கண்ணுக்குப் போதாது. கூரை விளக்கைப் பிரகாசமாக மாற்றுவதைவிட, தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின்மேல் விழும் ஒரு மேசை விளக்கு அதிகம் உதவும். நோட்டில் எழுதுகிறவர் என்றால் எழுதும் கைக்கு எதிர்ப்பக்கமாக வையுங்கள்.

ஜன்னலோரத்திலும் கை நீள்கிறது என்றால் பவர் கூட வேண்டும், 0.25 அல்லது 0.50. “கூட்டிக்கொண்டே போனால் கண் சோம்பேறியாகிவிடும்” என்று வேண்டுமென்றே குறைந்த பவரில் கஷ்டப்படுகிறவர்கள் உண்டு. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் உள் லென்ஸ் விறைப்பது அதன் போக்கில் நடக்கும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படித்ததால் வெள்ளெழுத்து தள்ளிப்போனவர் ஒருவரும் இல்லை.

புத்தகம் மூக்கை முட்டும் அளவுக்கு வருகிறது

பவர் அதிகம். எழுத்து பெரிதாகவும் கறுப்பாகவும் தெரிகிறது என்பதற்காகக் கடையில் +3.00-ஐ எடுத்து வந்திருப்பீர்கள். கடையில் நின்றபடி அட்டையை முகத்தருகே வைத்துப் பார்த்தால் எந்தப் பெரிய பவரும் அருமையாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து 45 செ.மீ. தூரத்தில் மடியில் புத்தகத்தை வைத்தால், எல்லை 33-இலேயே முடிந்துவிடுகிறது. தலை தானாகக் குனிகிறது, கழுத்து வலிக்கிறது, பழி தலையணைக்குப் போகிறது. கண்ணாடி தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் அளந்து எழுதிவைத்த தூரத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தத் தூரத்தில் சிரமமில்லாமல் படிக்க வைக்கும் பவர்களில் எது மிகக் குறைவோ அதுவே உங்களுடையது.

கையில் இருக்கும் பழைய கண்ணாடியின் பவர் அழிந்துபோய்விட்டதா? பகலில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிரே ஒரு வெள்ளைத்தாளைச் சுவரில் ஒட்டுங்கள். தாளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், வெளியே தூரத்தில் இருக்கும் மரமோ கட்டடமோ தலைகீழாகத் தாளில் விழும். பிம்பம் மிகக் கூர்மையாக விழும் இடத்தில் லென்ஸுக்கும் தாளுக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். 67 செ.மீ. என்றால் +1.50, 50 என்றால் +2.00, 40 என்றால் +2.50. ஒரு லென்ஸுக்கு 50, மற்றதற்கு 40 என்று வந்தால், இரண்டு கண்ணுக்கும் வேறுவேறு பவர் போட்ட கண்ணாடி அது. சூரியனை வைத்து இதைச் செய்யாதீர்கள். குவிந்த வெயில் தாளைப் பொசுக்கிவிடும்.

புத்தகம் தெரிகிறது, கணினித் திரை மங்கல்

மேலே சொன்ன கணக்கே தான். திரை 65 செ.மீ. தள்ளி இருக்கிறது, உங்கள் +2.00 கண்ணாடியின் எல்லை 50-இல் முடிகிறது. நடுவில் இருக்கும் 15 செ.மீ.க்கு முதுகு வளைந்து கொடுக்கிறது. திரையை இழுத்துக் கிட்டே வைப்பது ஒரு வழி. நாள் முழுக்கத் திரை முன் உட்காருகிறவர் என்றால் அதற்கென்று தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வதே நல்லது, +1.50 போட்டால் எல்லை 67 செ.மீ.க்குப் போய்விடும். இரண்டு கண்ணாடிக்கும் வேறு நிற ஃப்ரேம் வாங்குங்கள். ஒரே மாதிரி இரண்டு வாங்கிவிட்டு, எது எதுவென்று தெரியாமல் ஒரு மாதம் இரண்டையும் திட்டியவன் நான்.

படிக்கும் கண்ணாடியோடு எழுந்து நடந்தால் எதிரில் வருகிறவர் முகம் மங்குவதும் இதனால்தான். அது பழுது ஆகாது, கழற்றிவிட்டு நடங்கள்.

அரை மணி நேரத்தில் தலைவலி

இதுதான் அதிகச் சிக்கல் பிடித்தது. ஒன்றுக்கு மேல் காரணம் இருக்கலாம், அதனால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும்.

முதலில் ஒரு கண்ணைக் கையால் மறைத்து ஒரு பத்தி படியுங்கள், பிறகு மற்றக் கண்ணால். ஒன்று தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால், உங்கள் இரு கண்களுக்கும் தேவை வேறு. கடையில் தயாராகத் தொங்கும் கண்ணாடிகளில் இரண்டு லென்ஸுக்கும் ஒரே பவர்தான் இருக்கும். அவை உங்களுக்கு ஆகாது. மங்கலான கண்ணில் நிமிர்ந்த கோடு ஒரு கூர்மையிலும் படுத்த கோடு வேறு கூர்மையிலும் தெரிந்தால் சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசைக்கு மட்டும் போடும் பவர், தேவைப்படலாம். தயார் கண்ணாடிகளில் அது கிடையாது. இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: கண்ணைப் பரிசோதித்து, எழுதி வாங்கிச் செய்துகொள்வது.

தனித்தனியாக இரு கண்ணும் தெளிவாக இருக்கிறது, சேர்த்துப் பார்த்தால்தான் இழுக்கிறது, எழுத்து லேசாக இரட்டிக்கிறது என்றால் லென்ஸின் மையத்தைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு மையம் உண்டு. நீங்கள் படிக்கும்போது பார்வை அதன் வழியாகவோ அதற்கு மிக அருகிலோ போக வேண்டும். பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கும் இடைத்தூரம் 54 முதல் 74 மி.மீ. வரை ஆளுக்கு ஆள் மாறும். படிக்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்புவதால் அது மேலும் சில மி.மீ. குறையும். தயார் கண்ணாடி செய்கிறவர் இவ்வளவு பேருக்கும் சேர்த்து ஒரே இடைத்தூரத்தை வைத்துவிடுகிறார். உங்கள் முகம் ஒடுக்கமானது என்றால் லென்ஸின் மையங்கள் கண்மணிக்கு வெளியே தள்ளி நிற்கும். பார்வை லென்ஸின் மூக்குப்பக்க ஓரத்தின் வழியே போகும். அந்த ஓரம் ஒளியை ஒரு பக்கமாக வளைக்கும் பட்டகம்போல் (ப்ரிஸம்) வேலைசெய்து, கண்களை இன்னும் உள்ளே திருப்பச் சொல்கிறது. பத்து நிமிடம் என்றால் கண்தசை சமாளித்துவிடும். ஒரு மணி நேரம் என்றால் புருவத்துக்கு மேல் வலி வரும்.

பவர் கூடக் கூட இந்த இழுப்பும் கூடும். மையம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை செ.மீ.யில் எடுத்துப் பவரால் பெருக்கினால் பட்டகத்தின் அளவு வந்துவிடும்: +2.50 லென்ஸில் 4 மி.மீ. விலகல் என்றால் ஒரு கண்ணுக்கு 1 பட்டக டயாப்டர் (இந்த இழுப்பை அளக்கும் அலகு). அதே விலகல் +1.00-இல் 0.4 தான். ஆகவே நாற்பத்திரண்டு வயதில் எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் ஒத்துக்கொண்டவருக்கு ஐம்பத்தைந்தில் தலைவலி வருவதில் வியப்பில்லை.

சோதிக்க எளிய வழி: கண்ணாடியைப் போட்டு, உங்கள் படிக்கும் தூரத்தில் ஒரு பேனாவைப் பிடித்துப் பார்த்தபடி, எதிரே ஒருவரை உட்காரவைத்து, அழியும் மார்க்கர் பேனாவால் லென்ஸின்மேல் உங்கள் கண்மணிக்கு நேராக ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மேசையில் நிமிர்ந்த ஒரு கோட்டுக்கு மேலே கைதூரத்தில் பிடித்து இடவலமாக நகர்த்துங்கள். லென்ஸுக்குள் தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் முறியாமல் சேரும் இடமே மையம். புள்ளியும் மையமும் ஓரிரு மி.மீ. தள்ளி இருந்தால் விட்டுவிடலாம். ஐந்தாறு மி.மீ. என்றால் அந்தக் கண்ணாடியை மருந்துச் சீட்டு பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதித்துச் செய்த புதுக் கண்ணாடியில் தலைவலி வந்தால் ஒன்றிரண்டு வாரம் பொறுக்கலாம். அதற்குப் பிறகும் நீடித்தால் செய்து கொடுத்தவரிடமே எடுத்துப்போய், சீட்டில் எழுதியதும் லென்ஸில் இருப்பதும் ஒன்றா என்று கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வலது இடது மாறிப்போன லென்ஸை நானே போட்டிருக்கிறேன்.

ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் மங்கல்

கண்ணைச் சிமிட்டியதும் தெளிந்து, மறுபடி மங்கினால் கண் உலர்ந்திருக்கிறது. படிக்கும்போதும் திரையைப் பார்க்கும்போதும் நாம் சிமிட்டுவது குறைந்துவிடும். மின்விசிறிக் காற்றும் குளிர்சாதனக் காற்றும் முகத்தில் நேரே அடிக்காமல் திருப்பி வையுங்கள்.

நாள் கணக்கில் மாறினால், இந்த வாரம் பழைய கண்ணாடி, அடுத்த வாரம் புதுக் கண்ணாடி என்று ஒத்துப்போனால், இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது உள் லென்ஸில் நீர்ச்சத்து மாறி, பவரும் கூடவே ஆடும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் நிலைத்த பிறகே கண்ணாடிக்கு அளவு கொடுக்க வேண்டும். அதற்கு முன் கொடுத்தால் அந்த வாரத்துக்கு மட்டும் பொருந்தும்.

கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது!

இருபது வருடம் கண்ணாடி போட்ட என் மாமா, எழுபதுக்கு மேல் ஒருநாள் அதைக் கழற்றி வைத்துவிட்டு நாளிதழ் படிக்கத் தொடங்கினார். வீடே கொண்டாடியது. தெருமுனையில் நிற்கும் ஆள் அடையாளம் தெரியவில்லை என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண்புரையில் ஒரு வகை, லென்ஸின் நடுப்பகுதி கெட்டியாகும் வகை, கண்ணைக் கிட்டப்பார்வைப் பக்கமாகத் தள்ளும். அதனால் கொஞ்ச காலத்துக்குக் கிட்டத்து எழுத்து தெளியும், எட்டத்துக் காட்சி மங்கும். போன பார்வை திரும்பியது என்று மகிழ்வதற்கு முன் எட்டத்தில் ஒரு பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள்.

சிறுவயதிலிருந்தே −2.50 அளவில் கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிப் படிப்பது வேறு கதை. அவருக்கு வெறும் கண்ணே 40 செ.மீ.யில் தெளிவாகப் பார்க்கும். கவலைப்பட ஒன்றுமில்லை, பொறாமைப்படலாம்.

படிக்கட்டில் கால் தடுமாறுகிறது

எட்டத்துக்கும் கிட்டத்துக்கும் இரண்டு பவர் உள்ள பைஃபோகலிலும், பவர் படிப்படியாக மாறும் ப்ராக்ரெஸிவிலும் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. படியைக் கண்ணால் மட்டும் குனிந்து பார்த்தால் பார்வை அந்தப் பாதி வழியே போய், ஒன்றரை மீட்டர் கீழே இருக்கும் படி மங்கும். முகவாயை நெஞ்சுப்பக்கம் தாழ்த்தி, மேல்பாதி வழியாகப் பாருங்கள், கைப்பிடியையும் பிடித்துக்கொள்ளுங்கள். பைஃபோகலைப் பற்றி பெஞ்சமின் பிராங்க்ளின் 1785-இல் ஒரு நண்பருக்குப் பெருமையாகக் கடிதம் எழுதினார். படிக்கட்டுச் சங்கடம் இன்றுவரை தீர்ந்தபாடில்லை. ப்ராக்ரெஸிவில் ஓரங்கள் நெளிவது அதன் அமைப்பு. கண்ணை உருட்டாமல், படிக்க வேண்டிய இடத்துக்கு மூக்கைத் திருப்பப் பழகினால் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் சரியாகும்.

எவ்வளவு துடைத்தாலும் லென்ஸ் மூட்டமாகவே இருக்கிறது

சட்டை நுனியால் துடைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். லென்ஸின்மேல் இருக்கும் தூசியை எண்ணெயோடு குழைத்துத் தேய்க்கிறீர்கள். பிளாஸ்டிக் லென்ஸுக்கு அது உப்புத்தாள். குழாய் நீரில் முதலில் தூசி போகக் கழுவி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை விரலில் எடுத்து இருபுறமும் தடவி, அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வெந்நீர் வேண்டாம். நகப்பூச்சு நீக்கி, அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் இரண்டும் பூச்சைக் கெடுக்கும். அந்தத் துணியையும் அவ்வப்போது துவைக்க வேண்டும். எண்ணெய் ஏறிய துணி எண்ணெயையே திருப்பிப் பூசும்.

கழுவிய பிறகும் சிலந்திவலைபோல் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் எதிரொளி தடுக்கும் பூச்சு வெடித்திருக்கிறது. வெயிலில் நின்ற காருக்குள் கண்ணாடியை விட்டுவந்திருப்பீர்கள். சூட்டில் லென்ஸ் விரிந்த அளவுக்குப் பூச்சு விரியாது. இதற்குத் துடைத்தல் உதவாது. லென்ஸை மாற்ற வேண்டும்.

சறுக்குகிறது, கோணலாக நிற்கிறது

சறுக்கினால் முதலில் மூக்கில் படும் சிறு மெத்தைகளைச் சோப்பால் கழுவுங்கள். பாதி சறுக்கல் எண்ணெய்ப் பிசுக்கால்தான். அதன்பின் காதுக்கம்பியின் வளைவைப் பாருங்கள். காதின் உச்சியைத் தாண்டியதுமே கம்பி கீழே வளைய வேண்டும். வளைவு ஒரு விரல்கடை பின்னால் தொடங்கினாலும் கண்ணாடி இறங்கிக்கொண்டே இருக்கும்.

கோணல் என்றால் கண்ணாடியை மேசையில் தலைகீழாக வையுங்கள். ஒரு கம்பி தூக்கிக்கொண்டு ஆடினால் ஃப்ரேம் முறுகியிருக்கிறது. மேசையில் சமமாக நின்று முகத்தில் மட்டும் கோணினால் உங்கள் காதுகள் சம உயரத்தில் இல்லை; நம்மில் பலருக்கு அப்படித்தான். எந்தப் பக்க லென்ஸ் உயரமாக நிற்கிறதோ அந்தப் பக்கக் கம்பியைக் கீலருகே மெல்ல மேல்நோக்கி வளைக்க வேண்டும். முதல்முறை எல்லோரும் இதைத் தலைகீழாகவே செய்வார்கள். உலோக ஃப்ரேமுக்கு மட்டும் இந்தத் துணிச்சல். ஃப்ரேமே இல்லாமல் லென்ஸில் துளை போட்டு மாட்டிய வகையைத் தொடாதீர்கள். கீலில் ஸ்க்ரூ அடிக்கடி கழன்றால் இறுக்கிவிட்டு, அதன் தலையில் நிறமற்ற நகப்பூச்சு ஒரு சொட்டு வையுங்கள். ஒற்றைக் கையால் கழற்றும் பழக்கம்தான் கீலையும் ஃப்ரேமையும் இப்படி நாளடைவில் அகலப்படுத்துகிறது.

கண்ணாடியே காணவில்லை

நெற்றியைத் தடவிப் பாருங்கள். அங்கும் இல்லையா? மாத்திரை அட்டையில் இருப்பதை இப்போதே படித்தாக வேண்டும் என்றால், பிரகாசமான விளக்கடியில் போய், ஆள்காட்டி விரலைச் சுருட்டி நடுவில் ஒரு சிறு துளை விட்டு அதன் வழியாகப் பாருங்கள். அட்டையில் ஊசித்துளை போட்ட அதே வித்தை. இல்லையேல் கைபேசியில் படமெடுத்து, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு எழுத்தைப் பெரிதாக்குங்கள். பழைய, பவர் குறைந்த கண்ணாடியைத் தூக்கி எறியாமல் மருந்துப் பெட்டிக்குள்ளேயே போட்டுவைத்தால் இந்த இரண்டு வித்தையும் தேவைப்படாது.